முன்சக்கரத்துச் சத்தம்

ஆடியில் பிடித்த மழை அந்த வருஷம் புரட்டாசி முடிந்தும் மலையை விட்டு இறங்கவில்லை. ராசிங்காபுரத்தில் வெயில் அடிக்கிற நாளிலும் மேற்கே பார்த்தால் மலை தலைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு நிற்கும். ஏலச்செடிகளின் தூரில் சரம் சரமாகக் காய் பிடித்திருந்தது. பழுத்ததை அப்போதைக்கப்போது எடுக்காவிட்டால் வெடித்துப்போகும் என்று கேரளாப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆள் கேட்டுப் போன் மேல் போன் வந்தது. விடியுமுன்னே ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன.

அதில் ஒன்று திருப்பதியுடையது. வண்டியை அவன் ஓட்டினான். ஆள் சேர்ப்பது அவன் பெண்டாட்டி அன்னக்கொடி. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சடங்கு, நாளைக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அவள் வாயில் இருக்கும். அவளும் காய் எடுக்கிறவள்தான். புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டி, அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் முடிந்துகொண்டு, எல்லாப் பெண்களையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறிப் பின்கதவு ஓரத்தில் உட்காருவாள். "அன்னக்கொடி ஏறிட்டா, இனி எடு வண்டிய" என்று யாராவது ஒருத்தி கத்துவாள். அதற்குப் பிறகுதான் ஜீப்பு நகரும்.

அந்த ஜீப்பில் காய் எடுப்பதில் நல்ல கை அய்யம்மாளுக்கு. நாற்பது வயதுக்காரி. புருஷன் திருப்பூர் மில்லில் இருந்தான், மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். செடியடியில் குந்தி உட்கார்ந்தாள் என்றால் சரத்தில் பழுத்த காய் மட்டும் விரலோடு வரும், பிஞ்சு அசையாது. மற்றவர்கள் ஒரு செடியை முடிக்குமுன் அவள் அடுத்த செடியில் இருப்பாள். "உனக்கு வெரல்ல கண்ணு இருக்குடி" என்பாள் கூட எடுக்கிற கருத்தம்மாள்.

சத்தத்தை முதலில் சொன்னதும் கருத்தம்மாள்தான். சாயங்காலம் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரத்தில் இருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"ஏ அன்னக்கொடி, என்னடி இது? பெருச்சாளிய மிதிச்ச மாதிரி கத்துது உங்க ஜீப்பு."

பெண்கள் சிரித்தார்கள். அன்னக்கொடியும் சிரித்தாள்.

"மழைக்குச் சகதி பூந்திருக்கும்க்கா. ரெண்டு வெயிலடிச்சா சரியாப்போகும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போடிக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். கலீபுல்லாவின் பட்டறை வாசலில் ஜாக்கி ஏற்றி முன்சக்கரத்தைக் கழற்றியதும் அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் இருந்த இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடுகளை உருவி எடுத்துத் திருப்பதி கையில் வைத்தார். பிஸ்கட் கனத்துக்கு இருக்க வேண்டிய கருப்புப் பூச்சு தேய்ந்து, பின்னால் இருந்த தகடு எட்டிப் பார்த்தது.

"இது போச்சு. இது பரவாயில்ல, மாத்திக்கிரலாம். டிஸ்க்கப் பாரு மாப்ளே." அவர் தட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். உழுத கட்டாந்தரை மாதிரி அதில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஓரம் மட்டும் வரப்பு மாதிரி தூக்கி நின்றது. "எம்புட்டு மெலிஞ்சு கெடக்கு பாத்தியா? முன்னாடியே ஒரு தடவ கடைசல் குடுத்தாச்சு. இதுக்கு மேல கடஞ்சா அப்பளந்தான். பேடும் டிஸ்க்கும் சேத்துத்தான் மாத்தணும், ரெண்டு சக்கரத்துக்கும்."

"இப்பப் போட்டுர முடியுமா பாய்?"

"உன் வண்டிக்கு டிஸ்க்கு மதுரையிலருந்து வரணும். வண்டிய ரெண்டு நாளு விட்டுட்டுப் போ."

திருப்பதி திரும்பி அன்னக்கொடியைப் பார்த்தான். எந்தக் காரியத்துக்கும் அப்படிப் பார்ப்பது அவன் பழக்கம்.

"ரெண்டு நாளா? காய் எடுப்பு நேரத்துல எப்படி பாய் நிப்பாட்டுறது?" என்றாள் அன்னக்கொடி. "பொம்பளைக நாளைக்கே வேற ஜீப்புல ஏறிருவாளுக. ஏறிப் பழகிட்டா அப்புறம் திரும்ப மாட்டாளுக. தோட்டத்துக்காரனும் வேற ஆளப் பாத்துருவான். இப்பத்திக்குப் பேட மட்டும் போட்டுக் குடுங்க. இந்த எடுப்பு முடியட்டும்."

"அப்படிப் போட்டா புதுப் பேட இந்த டிஸ்க்கு தின்னுரும் தாயி. மெலிஞ்ச டிஸ்க்கு சூடு தாங்காது. மலை எறக்கத்துல சூடேறிக் கெடக்கையில பிரேக் ஆயில் கொதிச்சிருச்சுன்னா, பெடல மிதிச்சா பஞ்ச மிதிச்ச மாதிரி உள்ள போகும். வண்டி நிக்காது."

"ஒரு வாரம் பாய். அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து விட்டுர்றோம்."

கலீபுல்லா தாடியைச் சொறிந்துகொண்டு திருப்பதியைப் பார்த்தார். திருப்பதி தரையைப் பார்த்தான். "எறக்கத்துல செகண்டு கியருலயே வா. சும்மா சும்மா பிரேக்க மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அவர் பேடை எடுக்கக் கடைக்குள் போனார்.

ஒரு வாரம் ஒரு மாதமானது. புதுப் பேடு போட்டதும் சத்தம் நின்றுவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அந்த நினைப்பே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டு. அதற்கடுத்தது தீபாவளிக்கு முன்னால் வந்தது, தோட்டத்தில் அன்றைக்கும் ஆள் கேட்டார்கள். அதற்குள் சத்தம் திரும்பிவிட்டது. இப்போது கீச்சென்று கத்தவில்லை. இரும்பை இரும்பு அறுக்கிற மாதிரி கரகரவென்று தரைக்குள் இருந்து வந்தது. கருத்தம்மாள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. சகதி என்று அன்னக்கொடி சொல்லியிருந்தாள், அது போதும் அவர்களுக்கு.

தீபாவளி கழிந்த வாரத்தில் அது நடந்தது.

பகல் முழுக்கச் சாரல். பெண்கள் நனைந்து விறைத்துப்போய், மிச்சமிருந்த பால் விடாத கட்டஞ்சாயாவை ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஏறினார்கள். அன்றைக்கு வேறொரு ஜீப்பு வராததால் அந்தப் பெண்களிலும் சிலர் தொற்றிக்கொண்டார்கள். போடிமெட்டுச் செக்போஸ்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே திருப்பதி பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டியிருந்தது. உள்ளே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அய்யம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"மதினி, என்னமோ கருகுற வாட அடிக்கல?"

அன்னக்கொடிக்கும் அடித்தது. கொஞ்ச நேரமாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடி லாரி போகுதுல்ல, அதுலருந்துதான்" என்றாள்.

லாரி ஒரு வளைவில் ஒதுங்கி வழி விட்டது. ஜீப்பு அதைக் கடந்து அடுத்த இறக்கத்தில் இறங்கியது. திருப்பதியின் முதுகு சட்டென்று நிமிர்வதை அன்னக்கொடி பின்னாலிருந்து பார்த்தாள். அவன் கால் மறுபடி மறுபடி மிதித்தது. வண்டி வேகம் எடுத்தது. கியர் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தான், பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது, நிற்கவில்லை. எதிரே வளைவு, வளைவுக்கு அப்பால் வெறும் வெள்ளைப் பனி.

"எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்க!"

அவன் ஜீப்பை மலைப் பக்கம் ஒடித்தான். தகரம் பாறையில் உரசிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்டது என்று யாராலும் பின்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் ஓடுகிற சாக்கடைப் பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்து வண்டி சாய்ந்து நின்றது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி கிடந்தார்கள். அழுகை, சாமி பேர், பிறகு ஒவ்வொருத்தியாக, "எனக்கு ஒண்ணுமில்ல, உனக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பல் ஆடியது, ஒருத்திக்கு முட்டி சிராய்ந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தபோது கருத்தம்மாள் வீறிட்டாள்.

அய்யம்மாள் கத்தவே இல்லை. அவன் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் அவள் வெளிப்பக்கத்துக் கம்பியை வலது கையால் பிடித்திருக்கிறாள். கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் கை போயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் வந்த லாரிக்காரர்தான் போடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து தேனிக்கு அனுப்பினார்கள். ஆட்காட்டி விரலை எடுத்தாக வேண்டியிருந்தது. நடுவிரல் இருந்தது, ஆனால் மடங்காது என்றார்கள்.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, அன்னக்கொடி அய்யம்மாளின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். திருப்பதி வெளியே வராந்தாவில் சுவரோடு சாய்ந்து கிடந்தான்.

"நின்ன வண்டியில கதவ இழுத்துச் சாத்தையில நசுங்கிப் போச்சுங்க" என்றாள் அய்யம்மாள்.

"கதவில் இப்படி நசுங்காதேம்மா" என்றார் டாக்டர்.

"இரும்புக் கதவுங்கய்யா. பழைய ஜீப்பு."

அவர் திரும்பவும் கேட்டார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். வெளியே கருத்தம்மாளும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்களைக் காப்பாற்றிய மனுஷன் மேல் ஒரு கேஸ் வந்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது.

ஊரில் திருப்பதியால் தெருவில் நடக்க முடியவில்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா ஒரு பொணம் தேறியிருக்காதுப்பா" என்று மலையில் ஓட்டிப் பழகியவர்களே சொன்னார்கள். கருத்தம்மாளின் மருமகள் முத்துப்பிரியா, கைப்பிள்ளைக்காரி, அன்றைக்கு ஜீப்பில் இருந்தவள். பிள்ளையைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். "இவனுக்குத் தாயி மிஞ்சுனது உங்களாலதான் மாமா." திருப்பதி பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறதாகச் சொல்லிக் கொல்லைப்புறம் போனான். அவர்களிடம் அப்போது மாடு கிடையாது. வாங்கலாம் என்று பேச்சு மட்டும் இருந்தது.

வண்டி கலீபுல்லாவின் பட்டறைக்குப் போனது. அவர் சக்கரத்தைக் கழற்றியபோது டிஸ்க்கு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பேடில் கருப்புப் பூச்சு என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

"நானும் கூட்டுத்தான்" என்றார். "பேடப் போட்டுக் குடுத்திருக்கக் கூடாது. சாவிய வாங்கி வச்சிருக்கணும். அய்யம்மா எப்படி இருக்கு?"

"இருக்கா" என்றாள் அன்னக்கொடி.

மதுரையில் இருந்து டிஸ்க்கு வந்தது. இரண்டு பக்கமும் புதுத் தட்டு, புதுப் பேடு, பழைய ஆயிலைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டுப் புது ஆயில். ஒடுங்கிய தகரத்தை மட்டும் அப்படியே விட்டார்கள். அவர் சொன்ன மாதிரியே இரண்டு நாள்தான் ஆனது.

அந்த இரண்டு நாளும் ஒரு பெண்கூட வேறு ஜீப்பில் ஏறவில்லை. "அண்ணன் வண்டி வரட்டும்" என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டார்கள். பட்டறையில் இருந்து திரும்பி வரும் வழியில் கருத்தம்மாளே நிறுத்தி அதைச் சொன்னாள். அன்னக்கொடி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். உலை கொதித்து அடங்கி அடிப்பிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

"அவகிட்டச் சொல்லிரணும்" என்றாள் புருஷன் வந்ததும்.

"யாருகிட்ட?"

"அய்யம்மாகிட்ட."

திருப்பதி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "சொல்லி? வெரலு மொளச்சிருமா?"

"தெனமும் சோறு கொண்டு போறேன். 'நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் மதினி'ங்குறா. என்னால முடியலங்க."

"கேஸு குடுத்துட்டான்னா? லைசென்ஸு போகும், வண்டி போகும். கலீபுல்லாவையும் இழுப்பாக."

"உங்களுக்கு அதான் தோணுது."

"பின்ன என்ன தோணணும்?" அவன் குரல் உயர்ந்தது. "நான் நிம்மதியா இருக்கேன்னு நெனைக்கிறியா? காலு அந்தப் பெடல மிதிக்கிறப்பெல்லாம் உள்ள போற மாதிரியே இருக்கு. புதுசுதான், கல்லு மாதிரி நிக்குது. நின்னாலும் போற மாதிரியே இருக்கு. அன்னைக்கு பட்டறையில உன்ன எதுக்குப் பாத்தேன் தெரியுமா? நீ வேண்டாம்னு சொல்லணும்னு பாக்கல. சரின்னு சொல்லணும்னு பாத்தேன். சொன்னது நீயின்னு ஆயிரும்ல."

அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி இரண்டு பேரும் தின்றார்கள்.

மறுநாள் கருவாட்டுக் குழம்போடு, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியிருந்த அய்யம்மாளைப் பார்க்கப் போனாள். அய்யம்மாள் இடது கையால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையால் வெங்காயத்தை முறத்தோடு அழுத்திப் பிடிக்கப் பார்க்க, அது உருண்டு உருண்டு ஓடியது. பாதி உரித்த வெங்காயங்கள் தரையெல்லாம் கிடந்தன.

"வாங்க மதினி. பாருங்க, வெங்காயம்கூட மதிக்க மாட்டேங்குது."

அன்னக்கொடி சட்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெங்காயத்தைத் தொடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் தாயி."

"சொல்லுங்க."

சொன்னாள். பட்டறை வாசல், டிஸ்க்கில் விழுந்திருந்த பள்ளம், கலீபுல்லா சொன்னது, தான் சொன்னது. சத்தத்துக்குச் சகதி என்று சொன்னது, கருகல் வாடைக்கு லாரி என்று சொன்னது. எதையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னாள். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததால் எங்கும் தடுக்கவில்லை.

அய்யம்மாள் கையில் இருந்த வெங்காயத்தை முறத்தில் வைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கலீபுல்லா பாய்க்கு?"

"அவருதான சொன்னாரு."

"அப்ப எங்களுக்குத்தான் தெரியாது."

அன்னக்கொடி குனிந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில டாக்டரு கேட்டாரு, கதவுல நசுங்குச்சுன்னு சொன்னேன். வலில உசுரு போகுது, அப்பவும் அண்ணன் மேல ஒரு சொல்லு வந்துறக் கூடாதேன்னு இருந்துச்சு எனக்கு. நீங்க தலமாட்டுலதான நின்னீக?"

"நின்னேன்."

"கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?"

"ஆமா."

"அப்பச் சொல்லாதவக, இப்ப எதுக்குச் சொல்றீக?"

"தாங்க முடியல தாயி. சோறு எறங்கல. படுத்தாக் கண்ணு மூடல."

அய்யம்மாள் பேச ஆரம்பித்தபோது குரல் ஏறவில்லை. மரியாதை மட்டும் போயிருந்தது.

"இத்தன நாளு விதின்னு கெடந்தேன். பாறைய வைய முடியுமா, மழைய வைய முடியுமா? மொதல்ல அழுதேன். அப்புறம் எல்லாரும் பொழச்சமே, நம்ம வெரலோட போச்சேன்னு மனசு ஒரு மாதிரி அடங்கிருச்சு. ரெண்டு நாளா நல்லாத் தூங்குறேன். இப்ப நீ வந்து அத எடுத்துக்கிட்டுப் போற. இனி உனக்குச் சோறு எறங்கும். எனக்கு?"

"அய்யம்மா…"

"நான் காலையில எந்திரிச்சு யார வையணும்னு சொல்லு. ஒன்னையா? அண்ணனையா? சத்தத்தக் கேட்டுக்கிட்டே வெத்தல மென்னுக்கிட்டு வந்தேனே, என்னையா?" அவள் இடது கையால் சட்டியை நகர்த்தினாள். "இத எடுத்துட்டுப் போ."

அன்னக்கொடி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சூடு ஆறாத குழம்பு தளும்பிப் புடவையில் சிந்தியது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அய்யம்மாளின் தூக்கத்தையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அய்யம்மாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கேஸும் கொடுக்கவில்லை. மறுநாள் கதவைத் தட்டியபோது திறக்கவில்லை, அதற்கு மறுநாளும். பிறகு அன்னக்கொடி அந்தத் தெருப் பக்கம் போவதை விட்டாள். வேலைக்கு மட்டும் போனாள். ஜீப்பில் அய்யம்மாள் உட்காரும் ஓரத்தில் யாரையும் உட்காரவிடாமல் தூக்குவாளிகளை வைத்தாள். கருத்தம்மாள் வழியிலெல்லாம் திருப்பதியின் கைச்சாமர்த்தியத்தைப் புதிதாக ஏறியவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு முறையும் பாறை கொஞ்சம் பெரிதானது, பள்ளம் கொஞ்சம் ஆழமானது. அன்னக்கொடி பின்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருப்பாள்.

தை பிறந்து, மழை நின்று, மலை முழுக்கத் தெரியத் தொடங்கிய ஒரு காலையில் அய்யம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். மேலே ஆம்பளைச் சட்டை, இடது கையில் தூக்குவாளி. வலது கையில் கட்டு இல்லை. பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏ வந்துட்டாடி! எப்படி எடுப்ப தாயி?"

"இருங்க" என்றாள் அய்யம்மாள். "ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க."

அவள் சுருக்கமாகச் சொன்னாள். பிரேக்கு தேய்ந்திருந்தது. மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. தெரிந்தேதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். வசவு ஒன்றும் இல்லை. திருப்பதி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முத்துப்பிரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நெசமா மாமா?"

திருப்பதி தலையசைத்தான்.

அவள் மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். கருத்தம்மாள் நகராமல் நின்றாள். "ஊரெல்லாம் உன் பேரத்தானடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் அவனிடம். சொல்லும்போது அழுகை வந்தது. இரண்டு பேரும் அடுத்த ஜீப்பைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மிச்சப் பேர் அய்யம்மாளைப் பார்த்தார்கள்.

"என்னைய என்ன பாக்குறீக? நான் இதுலதான் ஏறப்போறேன்" என்றாள் அவள். "மத்த ஜீப்புல எதெது எப்படித் தேஞ்சு கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? இதுல புதுசு போட்டுருக்குன்னாவது தெரியும்."

முன்னால் போய் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

தோட்டத்தில் சூப்பர்வைசர் அவள் கையைப் பார்த்துவிட்டு, "இடது கை கொண்டு பற்றுமோ அய்யம்மே?" என்று, இடது கையால் முடியுமா என மலையாளத்தில் கேட்டார். பார்க்கத்தானே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் செடியடியில் குந்தினாள். அன்னக்கொடி இரண்டு செடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இடது கை தடுமாறியது. பிஞ்சும் காயும் சேர்ந்து வந்தன. அய்யம்மாள் பிஞ்சைப் பார்ப்பாள், தூர எறிவாள், மறுபடி சரத்துக்குள் கையை விடுவாள். மத்தியானம் சோறு தின்கிறபோது இடது கையால் பிசைந்து தின்றாள். பொழுது சாய்ந்தபோது கூடையில் கால்வாசிகூட நிரம்பவில்லை. அன்னக்கொடி தன் கூடையைக் கொண்டுபோய் அதில் கொட்டக் குனிந்தாள்.

"வேண்டாம்" என்றாள் அய்யம்மாள்.

திரும்பும்போதும் முன்சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஜீப்பில் பாதி காலியாக இருந்தது. செக்போஸ்டு தாண்டி இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு வருமுன்னே அவள் சொன்னாள்.

"நிப்பாட்டு."

"என்னம்மா?"

"நிப்பாட்டுன்னேன்."

திருப்பதி மிதித்தான். ஜீப்பு அந்த இடத்திலேயே நின்றது. பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனான். அய்யம்மாள் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தாள்.

"ம். போ."

ஒரு வளைவு தாண்டி மறுபடி, "நிப்பாட்டு." நின்றது. "போ." பின்னால் இருந்த பெண்கள் முதலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செங்குத்தான இடத்தில், வளைவின் நடுவில், ஒன்றுமே இல்லாத நேர்ரோட்டில், அவள் நினைத்த இடத்தில் எல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் திருப்பதி நிறுத்தினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்கதவு ஓரத்தில் அன்னக்கொடி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தாள்.

அந்தப் பாறை வந்தது. தகரம் உரசிய தடம் இன்னும் வெளுத்துத் தெரிந்தது. எல்லோரும் அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அவள் மடங்காத விரலை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

ஜீப்பு தானாக நின்றது. திருப்பதி ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அன்னக்கொடி எழுந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

அய்யம்மாள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இங்க நான் நிப்பாட்டச் சொல்லலையே" என்றாள். "இருட்டப் போகுது. எடு வண்டிய."